ராபர்ட்ஸின் நூபியாவை எவ்வளவு நம்பலாம்?

மணல்மேடு:
ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த, தெற்கு எகிப்தின் அபு சிம்பெல் கோயில் படத்தைப் பார்க்காதவர்கள் இந்தக் குழுவில் குறைவாகத்தான் இருப்பார்கள். நாட்காட்டி, அஞ்சலட்டை, வரலாற்று நூலின் மேலட்டை என்று எங்கு திரும்பினாலும் அதுதான். பாதி மணலில் புதைந்த முகப்பு, அமர்ந்திருக்கும் பெரிய ராம்சேஸ் சிலைகள், அவற்றின் காலடியில் தலைப்பாகை கட்டிய சில மனிதர்கள்.

இதைப் பற்றி நண்பர் ஒருவருடன் வாக்குவாதம் முற்றிவிட்டது. என் கட்சி இது: அவர் 1838 நவம்பரில் நேரில் போய் நின்று வரைந்தவர். அங்கே புகைப்படக் கருவி வந்து சேராத காலம். ஆகவே இடிபாடுகள் அப்போது எப்படி இருந்தன என்பதற்கு இந்தப் படங்களைச் சான்றாக வைத்துப் பேசலாம். நண்பரின் கட்சி: ராபர்ட்ஸ் எடின்பரோவிலும் லண்டனிலும் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை தீட்டிப் பிழைத்தவர். கைதட்டல் வாங்கத் தெரிந்த கை அது, அளவு எடுக்கத் தெரிந்த கை அல்ல.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நூபியாவில், அதாவது எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலுமாக உள்ள நைல் பகுதியில், 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் தீட்டிய நீர்வண்ணங்களை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது?

கல்லச்சு:
முதலில் நீங்கள் எந்த ராபர்ட்ஸைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாட்காட்டியில் இருப்பது அவருடைய நீர்வண்ணம் அல்ல. அதைப் பார்த்து லூயி ஹாக் என்பவர் கல்லில் வரைந்து அச்சிட்ட பிரதி. ஹாக் பெல்ஜியத்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர். வலது கை ஊனம், இடது கையால் வேலை செய்தார். அந்தக் காலத்தில் கல்லச்சில் அவருக்கு ஈடாகச் சொல்ல எனக்கு இன்னொரு பெயர் தோன்றவில்லை.

எகிப்து, நூபியா தொகுதிகள் 1846 முதல் 1849 வரை வெளியாயின. விலை குறைந்த பிரதிகளில் ஓரிரு மெல்லிய சாயல் மட்டும் இருக்கும். விலை உயர்ந்த பிரதிகளில் அச்சடித்த ஒவ்வொரு தாளுக்கும் ஆட்களை வைத்துக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால் ஒரே படத்தின் வானம் ஒரு பிரதியில் இளஞ்சிவப்பாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் இருப்பதைப் பார்க்கலாம். நூபியாவின் அந்தி வெளிச்சம் என்று நாம் மெய்மறந்து பார்ப்பதில் ஒரு பங்கு, லண்டன் பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் தொட்டுவைத்தது.

ஆகவே கோடு ஓரளவு ராபர்ட்ஸுடையது. வண்ணத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

தூரிகை:
கல்லச்சு ஐயா சொல்வது அச்சுப் பிரதிகளுக்குப் பொருந்தும். நான் அசல் நீர்வண்ணங்களைப் பற்றிச் சொல்கிறேன். வெயிலில் உட்கார்ந்து வரைகிறவள் என்பதால் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் யோசிப்பேன்.

அந்த வறண்ட காற்றில் தாளில் இட்ட ஈரம் நிற்காது. வானத்தை ஒரே வீச்சில் மேலிருந்து கீழே இறக்குவதற்குள் மேல் பகுதி காய்ந்து விளிம்பு கட்டிவிடும். அதனால் பலர் பென்சிலில் கோட்டை எடுத்துக்கொண்டு, களத்தில் ஓரிரு வண்ணம் மட்டும் தொட்டுவிட்டு, மிச்சத்தைப் படகிலோ ஊர் திரும்பியோ முடித்தார்கள். வண்ணமும் அப்போது கெட்டியான வில்லையாக இருந்தது. தண்ணீர் விட்டு உரசி எடுக்க வேண்டும். ஈரப்பதம் மாறாத வில்லைகள் 1830களில்தான் கடைக்கு வந்தன. உலோகக் குழாயில் அடைத்த நீர்வண்ணம் 1846இல் வந்தது. 1818இல் போனவரும் 1867இல் போனவரும் ஒரே கருவிகளோடு போகவில்லை.

கோயிலுக்கு உள்ளே நிலைமை இன்னும் மோசம். 1817 ஆகஸ்டில் இத்தாலியப் பயணி பெல்சோனி அபு சிம்பெலின் வாசல் மணலைத் தள்ளி உள்ளே நுழைந்தபோது, கையிலிருந்து வழிந்த வியர்வையில் தாள் நனைந்து வரையவே முடியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். உள்ளே ஒரு புடைப்புச் சிற்பத்தைக் கோடு தவறாமல் யாராவது எடுத்திருந்தால் அவருக்கு என் வணக்கம்.

விடியல்77:
இந்தப் படங்கள் பெரிய அளவில் எங்கே கிடைக்கும்? கணினித் திரைக்கு வேண்டும்.

மணல்மேடு:
விடியல், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் ராபர்ட்ஸ் தொகுதிகள் முழுவதும் உண்டு. காப்புரிமைச் சிக்கல் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

நைல்வழி:
எல்லாரும் ராபர்ட்ஸையே சுற்றி வருகிறீர்கள். அவர் அபு சிம்பெலோடு படகைத் திருப்பிவிட்டார். நூபியா அங்கே முடிவதில்லை. தெற்கே ஜெபல் பார்க்கல், மெரோவே, நக்கா, முசவ்வராத் எஸ்-சுஃப்ரா என்று பெரும்பங்கு இன்றைய சூடானில் கிடக்கிறது. கார்ட்டூமில் வேலை பார்த்த காலத்தில் மெரோவே போயிருக்கிறேன். மணல்மேட்டின் மேல் வரிசையாக நிற்கும் அந்தப் பிரமிடுகளில் பலவற்றுக்கு உச்சி இல்லை. உச்சி இருந்த காலத்தை யார் பார்த்தது என்று தேடினால் இருவரிடம் வந்து சேருவோம்.

ஒருவர் பிரெடெரிக் கயோ, பிரான்சின் நாந்த் நகரத்துக்காரர், கனிமங்கள் அறிந்தவர். 1821இல் மெரோவேயை அளந்து வரைந்தார். இன்னொருவர் லினான் தெ பெல்ஃபோன், அவரும் பிரெஞ்சுக்காரர், அப்போது வயது இருபத்திரண்டு. ஆங்கிலேயச் செல்வந்தர் வில்லியம் ஜான் பேங்க்ஸ் கொடுத்த பணத்தில் 1821, 1822 ஆண்டுகளில் மெரோவே, நக்கா, முசவ்வராத் மூன்றையும் பார்த்து வரைந்து திரும்பினார்.

இப்போது கதையைக் கேளுங்கள். 1834இல் ஃபெர்லீனி என்ற இத்தாலியர், எகிப்தியப் படையில் மருத்துவராக இருந்தவர், புதையல் தேடி மெரோவேயின் பிரமிடுகளை மேலிருந்து கீழாக இடித்துக்கொண்டு வந்தார். வடக்கு மயானத்தின் 6ஆம் பிரமிடு அரசி அமானிஷகெட்டோவுடையது. அதில் அவருக்குத் தங்க நகைகள் கிடைத்தன. இன்று அவை மூனிச்சிலும் பெர்லினிலும் இருக்கின்றன. பிரமிடு கற்குவியலாகிவிட்டது. அது ஏறக்குறைய முழுமையாக நின்ற கோலத்தைக் காட்டுவது கயோவின் படம்தான். இடிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு எடுத்தது.

மணல்மேடு தம்பி, சான்று என்றால் இது சான்று. 1970களில் ஃப்ரீட்ரிக் ஹிங்கெல் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மெரோவே பிரமிடுகளைச் சீரமைக்க இறங்கியபோது இந்தப் பழைய படங்கள் அவர் மேசையில் இருந்தன.

மணல்மேடு:
நைல்வழி அண்ணா, நன்றி. பேங்க்ஸ், லினான் இருவரைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதே இல்லை. ராபர்ட்ஸ் இவ்வளவு புகழ் பெற்று, அவருக்கு முன்பே அதைவிடத் தெற்கே போனவர் பெயர் ஏன் இப்படிப் புதைந்து கிடக்கிறது?

நைல்வழி:
பேங்க்ஸ் எதையும் ஒழுங்காக வெளியிடவில்லை, அதுதான் காரணம். பெரிய ஆள், நாடாளுமன்ற உறுப்பினர், கவிஞர் பைரனின் நண்பர். 1818, 1819இல் தானே நூபியாவுக்கு ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு போனார்: லினான், ஹென்றி பீச்சி, சியனா நகரத்து மருத்துவர் அலெசாந்த்ரோ ரிச்சி என்று வரையத் தெரிந்த ஆட்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். அபு சிம்பெலின் பெருஞ்சிலைகளில் ஒன்றைக் காலடி வரை மணல் தோண்டி, காலில் கிரேக்கக் கூலிப்படையினர் கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டில் செதுக்கிவைத்த எழுத்தைக் கண்டு படியெடுத்தது அந்தக் கூட்டம்தான். ஃபிலே தீவிலிருந்து ஒரு கல்தூணையும் பெயர்த்துத் தன் மாளிகைக்குக் கொண்டுபோனார். அதுவும் நடந்தது.

1841இல், அன்றைய இங்கிலாந்தில் ஒருபால் உறவு குற்றமாக இருந்தபடியால் ஏற்பட்ட வழக்குக்கு அஞ்சி நாட்டை விட்டே போனார். 1855இல் வெனிஸில் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் டார்செட் மாவட்டத்தில் கிங்ஸ்டன் லேசி என்ற அவர் குடும்ப மாளிகையில் கிடந்தன. 1981இல் மாளிகை பிரிட்டனின் நேஷனல் டிரஸ்டுக்கு உயிலாக வந்த பிறகுதான் அவை முறையாக வெளியுலகம் பார்க்கின்றன. லினானின் நாட்குறிப்பு அதற்கு முன்பே, 1958இல், கார்ட்டூமில் அச்சாகிவிட்டது.

லினான் பிறகு எகிப்தின் நீர்ப்பாசனப் பணிகளுக்குத் தலைமைப் பொறியாளராகி, சூயஸ் கால்வாய்க்கு அளவெடுத்து, கடைசியில் பாஷா பட்டமும் வாங்கினார். பொறியாளர் ஆகப்போகிற ஒருவரின் கை, அந்த இளவயதுப் படங்களிலேயே தெரிகிறது என்பது என் எண்ணம்.

கல்லச்சு:
இதுதான் நான் சொல்ல வருவது, நைல்வழி எனக்கு முன்பே வந்துவிட்டார். படத்தை நம்பலாமா என்று கேட்பதைவிட, அது யாரைத் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது என்று கேளுங்கள். ராபர்ட்ஸுக்கு முன்பணம் கட்டிய சந்தாதாரர்கள் இருந்தார்கள். கண் நிறைய ஏதாவது கொடுத்தாக வேண்டும். லினானுக்கு ஒரே ஓர் எசமான், அவரும் நூபியாவின் வடபகுதியை நேரில் பார்த்தவர், தூண் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். 1819இல் நூபியாவில் இருந்த பிரான்ஸ் கிறிஸ்தியான் காவ், கொலோனில் பிறந்த கட்டடக் கலைஞர். சக கட்டடக் கலைஞர்களுக்காக வெளியிட்டார். அதனால் அவர் தாள்களில் தரைப்படமும் குறுக்குவெட்டும் வருகின்றன. 1844இல் மெரோவே போன லெப்சியஸின் பிரஷ்யக் குழுவில் வைடன்பாக் சகோதரர்கள் வரைந்தது ஆய்வாளர்களுக்காக. அங்கே எழுத்து ஒன்று தவறினாலும் வாசிப்பே தவறிவிடும்.

ராபர்ட்ஸ் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. அவர் தூண்களின் எண்ணிக்கையில் ஏமாற்றுவதில்லை. மனிதர்களைச் சற்றுச் சிறிதாக வைப்பார், கட்டடம் ஓங்கி நிற்கும். அதுவும் அரங்கத் தொழிலில் கற்றதுதான்.

கரிக்கோடு:
எல்லாரும் எசமான், சந்தாதாரர் என்று பேசுகிறீர்கள். கயோ எப்படி மெரோவே போனார் என்பதை மட்டும் மெதுவாகத் தாண்டிவிட்டீர்கள். அவர் இஸ்மாயில் பாஷாவின் படையோடு போனார். 1820இல் எகிப்தின் முகமது அலி தன் மகனைத் தெற்கே அனுப்பியது தங்கத்துக்கும் அடிமைகளுக்கும். ஊர்கள் எரிந்த வழியில்தான் அந்த அளவுநாடா விரிந்தது. 1822இல் ஷெண்டியில் மெக் நிம்ர் என்ற தலைவர் இஸ்மாயிலைத் தீவைத்துக் கொன்றார், அவ்வளவு வெறுப்பு இருந்தது. ஷெண்டி மெரோவேயிலிருந்து தூரமில்லை.

ராபர்ட்ஸிடமும் ஒரு படம் இருக்கிறது: கோர்ட்டி என்ற இடத்தில் அபிசீனிய அடிமைகள் இளைப்பாறும் காட்சி. அழகான படம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. இடிபாட்டின் முன்னால் இருக்கும் மனிதர்கள் இவர்களுக்கு உயரம் காட்டும் கோல்கள்.

நைல்வழி:
கரிக்கோடு சொல்வதை மறுக்க மாட்டேன். படையில்லாமல் அந்த ஆண்டுகளில் ஓர் ஐரோப்பியர் அங்கே போவது ஏறக்குறைய முடியாத காரியம். வாடிங்டன், ஹான்பரி என்ற இரண்டு ஆங்கிலேயர்களும் 1820இல் அதே படையின் பின்னால்தான் போனார்கள். லினான் போனதும் அந்தப் படை திறந்துவிட்ட வழியில்தான். ஆனால் அதனால் 6ஆம் பிரமிடின் படம் பொய்யாகிவிடாது.

கரிக்கோடு:
பொய் என்று நான் சொன்னேனா அண்ணா? படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டுப் பாராட்டாதீர்கள் என்கிறேன்.

நடுவர்:
நாகரிகமாகவே போகிறது, தொடருங்கள். இன்றைய சூடான் போரைப் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை உண்டு. தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்ட செய்திகளையும் அங்கேயே பதியுங்கள்.

மணல்மேடு:
கல்லச்சு ஐயா சொன்ன கேள்வியை வைத்துக்கொண்டு அபு சிம்பெல் படங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. அழகுக்காக யாரும் அக்கறை காட்டாத விஷயத்தில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்: மணல்.

1813இல் சுவிஸ் பயணி புர்க்ஹார்ட் பார்த்தபோது நான்கு பெருஞ்சிலைகளும் அநேகமாகப் புதைந்திருந்தன. அமர்ந்த சிலையா நின்ற சிலையா என்றே அவரால் சொல்ல முடியவில்லை. 1817இல் பெல்சோனி வாசலுக்கு மட்டும் வழி எடுத்தார். 1819இல் பேங்க்ஸ் குழு தென்புறச் சிலை ஒன்றைப் பாதம் வரை வெளியே கொண்டுவந்தது. பிறகு ஸ்காட்லாந்துப் பயணி ராபர்ட் ஹேயின் குழு மேலும் வாரியது. 1838இல் ராபர்ட்ஸ் வந்தபோதும் வடபக்க மணல் சரிவு அப்படியே நிற்கிறது. 1850இல் மாக்சிம் டு காம்ப் எடுத்த புகைப்படத்தை அதன் பக்கத்தில் வைத்தால் ராபர்ட்ஸ் மணலில் கைவைக்கவில்லை என்பது தெரிகிறது. முகப்பு முழுவதும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டது.

நண்பரிடம் இதைக் காட்டினேன். 'மணலை நம்பு, வானத்தை நம்பாதே' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

தூரிகை:
வானத்தை நம்ப வேண்டுமானால் எட்வர்ட் லியரிடம் போங்கள். வேடிக்கைப் பாடல்கள் எழுதிய அதே லியர்தான். தொழிலால் நிலக்காட்சி ஓவியர். 1867இன் தொடக்கத்தில் வாடி ஹல்ஃபா வரை போனார். தாளில் பென்சிலால் விறுவிறுவென்று கோடு, ஓரத்தில் இடம், தேதி, மணி. பாறைக்குப் பக்கத்தில் அதன் நிறத்தை எழுத்தாலேயே குறித்துவைப்பார். நினைவு மங்குவதற்குள் பேனா மையால் கோட்டை மேலெழுதி, குறிப்பைப் பார்த்து மெல்லிய வண்ணம் இடுவார். ஒரே தாளில் நான்கைந்து சிறு காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மணி. படகு நகர நகர எடுத்தது என்பது கண்ணுக்கே தெரியும். காலை ஏழு மணிக்குக் கலாப்ஷா கோயிலின் எந்தப் பக்கம் நிழல் என்று அவர் தாளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஒரு சிறு செய்தி, இந்தக் குழுவுக்காக: 1874இல் அவர் மாமல்லபுரம், தஞ்சாவூர், திருச்சி வந்து இதே முறையில் வரைந்திருக்கிறார். அந்தத் தாள்கள் ஹார்வர்டில் இருக்கின்றன. நூபியப் பாறைக்கும் மலைக்கோட்டைக்கும் ஒரே கையின் குறிப்பைப் பார்க்கலாம்.

லியரின் நூபியத் தாள்கள் அவருக்கே நினைவுக்குறிப்பு. பின்னால் பெரிய ஓவியமாக்கி விற்கும்போதுதான் வாங்குகிறவர் வருகிறார். கல்லச்சு ஐயாவின் கேள்விக்கு இங்கே பதில்: களத்தில் உட்கார்ந்தபோது யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை.

கல்லச்சு:
ஏற்கிறேன். ஆனால் தூரிகை, லியருக்குச் சிற்ப விவரம் வேண்டியதில்லை. அவர் தாளை வைத்து ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியாது.

தூரிகை:
எழுத்து வாசிக்க நீர்வண்ணத்திடம் ஏன் போக வேண்டும்? சிவப்பு இருந்ததா, நீலம் இருந்ததா என்று கேட்கத்தான் அதனிடம் போவோம்.

ஃபிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசிஸ் கோயிலின் முன்மண்டபத் தூண்களில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் ஒரு காலத்தில் பளிச்சென்று இருந்தன. 1902இல் முதல் அஸ்வான் அணை முடிந்தது. 1912இலும் 1933இலும் அதை இன்னும் உயர்த்தினார்கள். ஆண்டில் பல மாதங்கள் கோயில் நீருக்குள் நின்றது; சுற்றுலாப் பயணிகள் தூண்களுக்கு இடையே படகு விட்டார்கள். வண்ணம் கரைந்துபோய்விட்டது. 1970களில் அகில்கியா தீவுக்குக் கல் கல்லாகப் பெயர்த்துக் கட்டியது வெளுத்த கோயிலைத்தான். அந்த மண்டபத்தின் வண்ணத்தை ராபர்ட்ஸ் தீட்டியிருக்கிறார். இது பட்டறைக் கைவேலை என்று தள்ளிவிடுவீர்களா?

கல்லச்சு:
தள்ள மாட்டேன், ஏனென்றால் இங்கே அவர் தனியாள் அல்ல. நெப்போலியனோடு போன அறிஞர்கள் வெளியிட்ட பெருந்தொகுப்பில் அதே மண்டபத்தின் உட்காட்சி ஒன்று வண்ணத்திலேயே இருக்கிறது. நாற்பது ஆண்டு இடைவெளியில் இருவர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வண்ணம் காட்டினால் அது ஏற்கத்தக்கது. தனியாகக் கிடைக்கும் ஒற்றை வண்ணப் பிரதியை மட்டும் நம்பாதீர்கள் என்பதே என் விதி.

சோதித்துப் பார்க்க இன்னொரு இடமும் உண்டு: அமாடா. அங்கே கிறிஸ்தவர்கள் கோயிலைத் தேவாலயமாக்கியபோது சுவர்மேல் சாந்து பூசினார்கள். அதற்கு அடியில் பழைய வண்ணம் பத்திரமாக இருந்தது. 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் அந்தக் கோயிலின் உள்பகுதியை அறுக்காமல், முழுதாகத் தண்டவாளத்தின் மேல் ஏற்றி 2.6 கிலோமீட்டர் இழுத்துப்போய் மேட்டில் வைத்தார்கள். அறுத்தால் வண்ணச் சாந்து உதிர்ந்துவிடும் என்ற அச்சம்தான். பண்டைய நூபியக் கோயிலில் வண்ணம் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதற்கு அமாடாவே அளவுகோல்.

தூரிகை:
அப்படியானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணத்தை அழித்ததில் அணைக்கு மட்டும் பங்கில்லை, ஆய்வாளர்களுக்கும் உண்டு. ஈரத்தாளைச் சிற்பத்தின் மேல் தட்டி ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். நம் ஊர்க் கல்வெட்டுத் துறையினர் எடுக்கும் மைப்படிக்கு உறவு, ஆனால் மை கிடையாது. வரிவடிவம் துல்லியமாக வரும். கூடவே சுவரில் இருந்த வண்ணமும் ஈரத்தோடு வந்துவிடும். 1873, 1874இல் நைலில் பயணம் செய்த ஆங்கில எழுத்தாளர் அமேலியா எட்வர்ட்ஸ் இதைக் கோபமாகவே எழுதியிருக்கிறார். துல்லியம் என்று நாம் போற்றும் முறை சுவரைத் தொட்டது. துல்லியம் குறைந்தது என்று நாம் ஒதுக்கும் நீர்வண்ணம் எட்ட நின்றது.

எட்வர்ட்ஸும் வரைகிறவர். அபு சிம்பெலில் படகைக் கட்டிக்கொண்டு பல நாட்கள் தங்கினார். வடகோடிச் சிலையின் முகத்தில், ராபர்ட் ஹே காலத்தில் அச்சு எடுத்தபோது ஒட்டிய வெள்ளைச் சாந்து அரைநூற்றாண்டாக அப்படியே இருந்தது. வரைகிறவர் கண்ணுக்கு அந்தத் திட்டுகள் பொறுக்கவில்லை. படகோட்டிகளைச் சாரம் கட்டச் சொல்லி, சாந்தைச் சுரண்டி, எஞ்சிய வெள்ளைக்குக் கெட்டிக் காப்பித் தண்ணீரால் கல்லின் நிறம் கொடுக்கவைத்தார். காலன் காலனாகக் காப்பி போனதைப் பார்த்துச் சமையல்காரர் திகைத்துவிட்டாராம். மூன்றரை அடி வாயுள்ள விருந்தாளிக்கு அவர் அதற்கு முன் காப்பி போட்டதில்லை.

விடியல்77:
காப்பிக் கதை உண்மையா? இன்றைக்கு யாராவது இதைச் செய்தால் சிறைதான்.

தூரிகை:
உண்மை, அவர் நூலிலேயே இருக்கிறது. 1882இல் எகிப்தியத் தொல்பொருள்களைக் காக்க ஒரு நிதியமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான்.

கரிக்கோடு:
நான் வேறொரு பட்டியல் போட்டேன். கட்டடத்தை விட்டுவிட்டு, கீழ் நூபியாவின், அதாவது வட நூபியாவின், நீர்வண்ணங்களில் முன்புறத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எருது பூட்டிய நீர்ச்சக்கரம், பேரீச்சை வரிசை, மண்வீடுகள், கரையில் ஒதுங்கிய படகு, கோயில் வெளிமுற்றத்துக்குள்ளேயே கட்டிய குடிசைகள். ஓவியர்கள் இவற்றை இடம் நிரப்பப் போட்டார்கள், அதனால்தானோ என்னவோ அழகுபடுத்த மெனக்கெடவில்லை.

அஸ்வான் உயர் அணைக்காக 1960இல் யுனெஸ்கோ இயக்கம் தொடங்கியது. அபு சிம்பெலை அறுத்து 65 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். மற்றக் கோயில்களில் டெபோட் மாட்ரிட் போனது, டெண்டூர் நியூயார்க் போனது, எல்லெசியா டூரின் போனது. 1963, 1964இல் எகிப்திய நூபியர் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் கோம் ஓம்போ பக்கம் அனுப்பப்பட்டார்கள். சூடான் பக்கத்தில் வாடி ஹல்ஃபாவையும் சுற்றியிருந்த ஊர்களையும் விட்டு ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர் காஷ்ம் எல்-கிர்பாவுக்குப் போனார்கள், நைலை விட்டே வெகுதூரம். ராபர்ட்ஸ் படத்தில் பின்புறம் காப்பாற்றப்பட்டது, முன்புறம் மூழ்கியது.

ஆகவே கல்லச்சு ஐயாவின் கேள்வியை நான் இப்படித் திருப்புகிறேன்: யாரைத் திருப்திப்படுத்த வரைந்தார்களோ அவர்கள் பார்க்காத மூலையில்தான் படம் கூடுதலாக உண்மை பேசுகிறது. மணல்மேடு கண்ட மணலும் அந்த வகைதான்.

மணல்மேடு:
இது என் நண்பருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சந்தேகம். ஓவியர் அக்கறை காட்டாத இடத்தில் அவர் கற்பனையாலும் நிரப்பலாம் அல்லவா? பேரீச்சை மரம் தேவைப்பட்ட இடத்தில் ஒன்றை நட்டுவிட்டால்?

கரிக்கோடு:
நடுவார்கள். ஒரு படத்தில் ஒரு மரம் எதையும் நிரூபிக்காது. லியரிலும் ராபர்ட்ஸிலும் ஹே தொகுப்பிலும் ஒரே கரையில் ஒரே நீர்ச்சக்கரம் வந்தால் அது இருந்தது. கல்லச்சு ஐயா வண்ணத்துக்குச் சொன்ன விதியேதான்.

நைல்வழி:
ஹே தொகுப்பை நினைவூட்டியதற்கு நன்றி. அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தக் குழுவில் சிலர் கேமரா லூசிடா வைத்து வரைந்தார்கள். கண்ணாடிப் பட்டகம் வழியாகக் காட்சி தாளில் விழுவதுபோல் தெரியும், பென்சில் அதைப் பின்தொடரும். கட்டட விளிம்புகளுக்கு அதைவிட நம்பகமான கைவரைவு கிடையாது.

யாராவது கேட்பதற்கு முன் இன்னொரு பெயரும் சொல்லிவிடுகிறேன்: தாஃபா. அங்கே ரோமர் காலத்துக் கோயில்கள் இரண்டு இருந்தன. வடகோயில் 657 கல்லாகப் பிரிந்து நெதர்லாந்தின் லைடன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய், 1979 முதல் அங்கே நிற்கிறது. தென்கோயில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அழிந்துவிட்டது, முதல் அணைக்கும் முன்பே. அதற்கு இன்று பயணிகளின் தாள்தான் இருப்பிடம்.

மணல்மேடு:
தென்கோயிலை யாருடைய படத்தில் பார்ப்பது?

நைல்வழி:
காவிடமிருந்து தொடங்குங்கள். அவர் நூல் 1822இல் வரத் தொடங்கியது, கோயில் அப்போது நின்றது. நூலின் கல்வெட்டுப் படத்தாள்களைத் தாண்டி, கட்டடப் படத்தாள்களைப் பாருங்கள்.